குடியை விட்டவர் மீண்டும் விழாதிருக்க: கடைத்தெருவின் பொறுப்பு என்ன?

வணிகப் பெருமக்களின் கவனத்திற்கு ஒரு விஷயத்தைக் கொண்டுவர விரும்புகிறோம். வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, சரக்கு வரத்து என்று இந்தப் பக்கங்களில் வழக்கமாகப் பேசப்படுகிற விஷயம் அல்ல இது. ஆனால் நம் கடையையும் கல்லாவையும் வீட்டையும் ஒருசேரப் பாதிக்கிற விஷயம். குடியை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பி வருகிறவர்களைப் பற்றியது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் உள்ள கடைகளையும் மண்டிகளையும் நம்பி மூட்டை இறக்குபவர், பொட்டலம் கட்டுபவர், கணக்கு எழுதுபவர், வசூலுக்குப் போகிறவர், வண்டி ஓட்டுபவர் என எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களை நம்பித்தான் நாமும் காலையில் கடை திறக்கிறோம். இவர்களில் சிலர் குடிக்கு அடிமையாகி, வீட்டார் கெஞ்சி அழுது, மருத்துவமனையில் சேர்ந்து, தெளிந்து திரும்பி வருகிறார்கள். முதலாளிகளிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு என்பதை மூடி மறைப்பதில் பயனில்லை.

வந்த புதிதில் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ ஒருநாள் மாலை மீண்டும் தள்ளாடுகிறார். உடனே கடைத்தெரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது: "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" அத்தோடு வேலையும் போகிறது, இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும் போகிறது.

இந்தத் தீர்ப்பு தவறானது என்பது நமது உறுதியான கருத்து. குடியை நிறுத்துவது வேறு, நிறுத்தியபடியே இருப்பது வேறு. முதலாவதற்கு மருத்துவமனையில் சில வாரங்கள் போதும். இரண்டாவது, நாள்தோறும் பழகிக் கற்க வேண்டிய தொழில். அந்தத் தொழிலை அவர் கற்க வேண்டிய இடம் மருத்துவமனை அல்ல. தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அவர் நிற்கிற நம் கடைத்தெருதான்.

பூட்டினால் மட்டும் போதுமா?

"டாஸ்மாக் கடையை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது நம்மில் பலர் சொல்வது. மதுவிலக்கு வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. இந்த மண்ணுக்கும் அந்தக் கொள்கைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1937-ல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அடுத்த ஆண்டே முதலமைச்சர் பொறுப்பேற்று அதைக் காத்து நின்றவர் இராஜபாளையத்துப் பெருமகன் பி.எஸ்.குமாரசாமி ராஜா. பின்னர் ஆட்சிக்கு வந்த விருதுநகர் காமராஜரும் அதைக் கைவிடவில்லை. 1971-ல் தளர்ந்து, 1974-ல் மீண்டும் வந்து, 1981-ல் மறுபடி போனது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காக ஏற்பட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது.

ஆனால் கடை மூடப்பட்டால் குடிநோய் தானாகவே தீர்ந்துவிடும் என்று எண்ணுவது சரியல்ல. 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கில் மார்ச் 24-ல் மூடிய மதுக்கடைகள் மே 7-ஆம் தேதிதான் திறந்தன. இடையில் நாற்பது நாட்களுக்கு மேல். "குடிக்காமல் இருந்து பழகிவிட்டார்கள், இனி தொடமாட்டார்கள்" என்று தாய்மார்கள் மகிழ்ந்தார்கள். திறந்த அன்று மைல் கணக்கில் வரிசை நின்றது. ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய்க்கு விற்பனை ஆனது.

மாலை போடுகிறவர்களிடமும் இதைக் காண்கிறோம். மண்டலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனிதர், மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே பழையபடி ஆகிவிடுகிறார். விரதத்தின் குறை அல்ல அது. விரத நாட்களில் அவருக்குக் காவலாக மாலை இருந்தது, குருசாமி இருந்தார், கூட்டாளிச் சாமிகள் இருந்தார்கள், காலை மாலை பூஜை இருந்தது. மாலை இறங்கியதும் இந்தக் காவல் எல்லாம் ஒரே நாளில் விலகிவிட்டது. அதன் இடத்தில் வேறு காவல் எதையும் நாம் வைக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

குணக்கேடா, நோயா?

தமிழ்நாட்டில் இதற்கு வழிகாட்டிய நிறுவனம் ஒரு வணிகக் குடும்பத்தின் துயரத்திலிருந்தே பிறந்தது. 1928-ல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி விநியோக வியாபாரமாகத் தொடங்கிய டி.டி.கே. நிறுவனத்தை மளிகைக் கடைக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் காலமானார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் மூலையில் அமர்ந்துவிடவில்லை. அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று, 1980-ல் கணவர் பெயரில் சென்னையில் ஓர் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுவே பின்னர் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த மருத்துவமனை வலியுறுத்தி வரும் செய்தி இதுதான்: குடிக்கு அடிமையானவர் ஒழுக்கங்கெட்டவர் அல்லர், நோயாளி. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு போல இதுவும் வாழ்நாள் முழுதும் கவனித்துக்கொள்ள வேண்டிய நோய். ஆகவே நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை தருகிறார்கள். வீடு திரும்பிய பிறகும் தொடர்ந்து கவனிக்கிறார்கள். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற ஊர்களில் ஊராரையே கூட்டுச் சேர்த்துச் சிகிச்சை முகாம் நடத்தியிருக்கிறார்கள்.

சர்க்கரை ஏறிவிட்ட ஊழியரை நாம் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. "என்ன சாப்பிட்டீர், மாத்திரை போட்டீரா?" என்றுதான் கேட்கிறோம். மறுபடி குடித்துவிட்டவரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதுதான் நமது வாதம்.

எந்த வழியாக வருகிறது?

குடியை விட்டவர்கள் எந்தச் சந்தர்ப்பத்தில் மீண்டும் தொடுகிறார்கள் என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் ஆலன் மார்லட் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1985-ல் அவரும் ஜூடித் கார்டனும் இதுபற்றி ஒரு நூலை வெளியிட்டனர். மார்லட் ஆராய்ந்தவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மூன்றே காரணங்களில் அடங்கிவிட்டன. ஒன்று, மனச்சோர்வு, கோபம், கவலை. இரண்டு, வேண்டியவர்களோடு சண்டை. மூன்று, கூட இருப்பவர்களின் வற்புறுத்தல்.

இதை நம் கடைத்தெருவில் வைத்துப் பாருங்கள். வசூலாக வேண்டிய பாக்கி நிற்கிறது, செக் திரும்பி வருகிறது: அது முதல் காரணம். அண்ணன் தம்பி கூட்டு வியாபாரத்தில் கணக்குத் தகராறு, வீட்டில் மாமனாரோடு மனத்தாங்கல்: அது இரண்டாவது. "ஆடிப்பூரத் தேர் இழுத்துவிட்டு வந்திருக்கிறோம், இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று தோளில் கை போடுகிற நண்பர்: அது மூன்றாவது. காரணங்கள் முன்கூட்டியே தெரிந்தவை என்றால், முன்கூட்டியே ஏற்பாடும் செய்யலாம் அல்லவா? பஞ்சு குடோனுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி வைப்பது, தீப்பிடிக்கும் என்று ஆரூடம் சொல்வதற்காக அல்லவே.

தற்காப்புக்குச் சில வழிகள்

குடியை விட்டவரும் அவரோடு வேலை செய்கிறவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலாவது, குடிக்க வேண்டும் என்ற வேட்கை எவ்வளவு பலமாக வந்தாலும் அது நிலைத்து நிற்பதில்லை. அலைபோல் எழும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும். அந்த அரை மணியைக் கடத்துவதுதான் வித்தை. தண்ணீர் குடிக்கலாம், எதையாவது சாப்பிடலாம், சரக்கு அடுக்கலாம், கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். "இனி வாழ்நாளெல்லாம் குடிக்கமாட்டேன்" என்று மலைப்பதைவிட, "இப்போது குடிக்கமாட்டேன், இன்றைக்குக் குடிக்கமாட்டேன்" என்பது எளிது.

இரண்டாவது, பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் சேரவிடக்கூடாது. இரவு ஒன்பதரைக்குக் கடை அடைக்கும் ஊழியருக்கு இந்த நான்கும் ஒரே நேரத்தில் வருகின்றன. மாலை ஆறு மணிக்கு ஒரு டீயும் வடையும் கொடுப்பது முதலாளிக்குப் பெரிய செலவல்ல. அவருக்கு அது மருந்து.

மூன்றாவது, வழியை மாற்ற வேண்டும். மதுக்கடை உள்ள தெரு வழியாக வீட்டுக்குப் போகிறவர், இரண்டு தெரு சுற்றினாலும் வேறு வழியில் போகட்டும். முடிந்தால் உடன் வேலை செய்பவர் ஒருவர் சேர்ந்து போகட்டும்.

நான்காவது, மறுத்துச் சொல்ல வேண்டிய வார்த்தையை முன்பே தயார் செய்துகொள்ள வேண்டும். "வேண்டாம் அண்ணாச்சி, எனக்கு ஒத்துக்காது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட வேண்டும். விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றால் பேரம் தொடங்கிவிடும். பேரத்தில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

ஐந்தாவது, கூப்பிட ஓர் ஆள் வேண்டும். 1935 மே மாதம் வில்லியம் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் வியாபார விஷயமாக அக்ரன் என்ற ஊருக்குப் போயிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோல்வி. கையில் காசில்லை, தெரிந்தவர் யாருமில்லை. தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் நின்றபோது ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். தேவாலயக்காரர்கள் மூலம் இன்னொரு குடிநோயரைத் தேடிப் பிடித்தார். அவர்தான் டாக்டர் ராபர்ட் ஸ்மித். ஸ்மித்தும் நிறுத்தினார். ஆனால் சில நாட்களிலேயே வெளியூர் மருத்துவர் மாநாட்டுக்குப் போன இடத்தில் மீண்டும் விழுந்தார். வில்சன் அவரைக் கைவிடவில்லை. அந்த ஆண்டு ஜூன் 10-க்குப் பிறகு ஸ்மித் சாகும்வரை குடிக்கவில்லை. அந்தத் தேதியையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற உலகளாவிய அமைப்பு தனது பிறந்த நாளாகக் கொள்கிறது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. வெளியூர்ப் பயணம் ஆபத்தானது. புதிதாகக் குடியை விட்டவரைத் தனியாகக் கொள்முதலுக்கோ வசூலுக்கோ அனுப்பி, இரவு லாட்ஜில் தங்கவைக்கக்கூடாது. மற்றொன்று, அந்த ஸ்மித் ஒருமுறை விழுந்த அன்றே "இவர் தேறமாட்டார்" என்று கைகழுவியிருந்தால் அந்த அமைப்பே தோன்றியிருக்காது.

விழுந்துவிட்டால்?

இதுதான் முக்கியமான இடம். ஒருநாள் தவறிக் குடித்துவிடுவது சறுக்கல். பழையபடி தினமும் குடிக்கத் தொடங்குவது வீழ்ச்சி. சறுக்கல் வீழ்ச்சியாக மாறுவது பெரும்பாலும் சாராயத்தால் மட்டுமல்ல, அவமானத்தாலும்தான் என்று மார்லட் கண்டார். "எல்லாம் போயிற்று, இனி மறைத்து என்ன, நிறுத்தி என்ன" என்ற எண்ணமே அடுத்த நாளும் குடிக்க வைக்கிறது. இந்த எண்ணத்தை அவர் மனத்தில் உறுதிப்படுத்துவது யார்? எல்லார் முன்னிலையிலும் திட்டி அனுப்பிவிடுகிற நாம்தான்.

ஒருநாள் கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் யாரும் கடையை இழுத்து மூடுவதில்லை. நாள்வழியைப் புரட்டி, எந்த வரவு விட்டுப்போனது, எந்தச் செலவு எழுதப்படவில்லை என்று தேடுகிறோம். சறுக்கியவரிடமும் அப்படியே உட்கார்ந்து கேட்க வேண்டும்: எந்த நாள், எத்தனை மணி, யாருடன், அதற்கு முன் என்ன நடந்தது? தெளிந்திருக்கும்போது, தனியாக அழைத்து, குரலை உயர்த்தாமல் கேட்க வேண்டும். குடித்திருக்கும் நேரத்தில் வாதம் செய்வது வீண். பாதுகாப்பாக வீட்டில் கொண்டுபோய்விட்டால் போதும். மறுநாளே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இத்தனை மாதம் குடிக்காமல் இருந்தாரே, அந்த வரவை நேற்றைய ஒரு செலவு அழித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

"அப்படியானால் எதற்கும் கண்டிப்பே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டவோ, மூட்டை ஏற்றவோ, தராசில் நிற்கவோ அனுமதிக்க முடியாது. அன்றைய வேலை இல்லை என்பதை முன்கூட்டியே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். சிகிச்சையைத் தொடர்ந்தால்தான் வேலை என்று நிபந்தனை போடலாம். நிபந்தனை வேறு, கைகழுவுவது வேறு. கல்லாவை எப்படி நம்பி விடுவது என்பதும் நியாயமான கேள்விதான். முதல் சில மாதங்கள் ரொக்கம் கையாளும் வேலை தரவேண்டியதில்லை. திருடன் என்பதற்காக அல்ல. கையில் ரொக்கத்தோடு தெருவில் நடப்பது அவருக்கே கேடு என்பதற்காக. அதை அவரிடமே சொல்லிச் செய்தால் அவர் நன்றியோடுதான் ஏற்பார்.

எச்சரிக்கை

மூன்று விஷயங்களில் கவனம் தேவை. பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று தானாகவே நிறுத்துவது ஆபத்து. இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம், உயிரும் போகலாம். நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். அடுத்து, குடித்தால் வாந்தி வரும் மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் வழக்கம். டைசல்பிரம் என்ற அந்த மருந்தை உண்டிருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் சொல்லி உண்ண வேண்டியது அது. கடைசியாக, அடைத்து வைத்து அடிக்கிற 'மறுவாழ்வு இல்லங்கள்'. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி இத்தகைய சிகிச்சை இல்லங்கள் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாத இடத்தில் யாரையும் சேர்க்க வேண்டாம்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் மனநல மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இந்த எண்களைக் கடையில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

நம் பங்கு

கடைசியாக, கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மதுக்கடை அருகே உள்ள பெட்டிக்கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் தம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய், மிக்சர் விற்பனையில் நல்ல வரவு இருக்கிறது. பிளாஸ்டிக் தம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்யப்பட்டவை என்பதை நினைவூட்டுகிறோம். ஊறுகாய் விற்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் குடியை விட்டுவிட்டேன் என்று சொல்லும் பழைய வாடிக்கையாளரைப் பார்த்து, "என்ன, இன்றைக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேலி செய்யாமல் இருக்கலாம். சிறுவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடிமைத்தனம் தொடங்கும் முதல் வாசல் அது என்பதால் அதை மனச்சாட்சிப்படியும் நிறுத்தலாம்.

நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளத் தக்க நான்கு முடிவுகளை முன்மொழிகிறோம். ஒன்று: சிகிச்சைக்குப் போகும் ஊழியருக்கு அவருடைய வேலையைத் திரும்பி வரும்வரை வைத்திருப்பது, முதல் சறுக்கலுக்காக நீக்குவதில்லை என்று முடிவு செய்வது. இரண்டு: சனிக்கிழமை இரவு ரொக்கமாகக் கூலி கொடுப்பதை மாற்றி, ஊழியர் எழுத்தில் சம்மதித்தால் வங்கிக் கணக்கில் செலுத்துவது, தீபாவளி போனஸையும் அவ்வாறே செய்வது. மூன்று: சங்கத்து விருந்து, சுற்றுலா, கம்பெனிக்காரர் தரும் ஓட்டல் கூட்டம் எதிலும் மது கூடாது என்று முடிவு செய்வது. குடியை விட்ட வணிகர் ஒருவர் அங்கே ஓரமாக நெளிந்துகொண்டு நிற்கும் நிலை இனி வேண்டாம். நான்கு: வாரம் ஒருநாள் கடை அடைத்த பிறகு சங்கக் கட்டடத்தின் ஓர் அறையைக் குடியை விட்டவர்கள் கூடிப் பேசுவதற்கு இலவசமாகத் திறந்துவிடுவது. பெயர் கேட்க வேண்டாம், பதிவேடு வேண்டாம். ஒரு விளக்கும் சில நாற்காலிகளும் போதும்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இழக்காமல் காப்பாற்றப்படுவதோ, சரக்கு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருகிற பதினைந்து வருடத்து ஊழியர். புதிதாக ஒருவரைப் பழக்க எத்தனை மாதம் ஆகும் என்பதை நாம் அறிவோம். ஆகவே தயவை ஒருபுறம் வைத்துவிட்டு, வியாபாரக் கணக்காகவே பார்த்தாலும் இது லாபம்தான். அடுத்த பொதுக்குழுவில் இந்த நான்கையும் பொருளாக எடுத்துக்கொண்டு விவாதிக்குமாறு இரு ஊர் வணிகச் சங்கப் பொறுப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.